அமாவாசையன்று தமிழில் முடி வெட்டுதல்

நான் ஒரு முட்டாள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதி படித்த பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து, அதற்காகப் பெருமைப்பட்டுக்கொள்ள வேண்டாம். போன அமாவாசையன்று காலையில் மருமகள் வந்து, “மாமா, இன்னைக்கு அமாவாசையாச்சே, இவனைக் கூட்டிட்டுப் போயி முடி வெட்டலாமா? நாளைக்கு ஸ்கூல்ல போட்டோ எடுக்குறாங்களாம்” என்று கேட்டாள். இவன் என்பது என் பேரன். நான் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், “தாராளமா வெட்டலாம்மா. கடையில இங்கிலீஷ்ல மட்டும் பேசச் சொல்லு” என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது. மருமகள் மதுரைப் பக்கத்துப் பெண், மரியாதை தெரிந்தவள். அடுத்த அறைக்குப் போய் என் மகனிடம் மெதுவாகப் பேசினாள். மெதுவாகப் பேசினால் எனக்குக் கேட்காது என்பது அவர்கள் நம்பிக்கை. “மாமாவுக்கு ஒரு தடவ தலைக்கு ஸ்கேன் எடுத்துப் பாத்தா என்ன?” என்றாள். மகன், “ரொம்ப நாளாவே இப்பிடித்தான்” என்றான். அவன் எனக்குப் பரிந்து பேசினானா, அவளுக்கு ஒத்து ஊதினானா என்பது இன்னும் விளங்கவில்லை.

அவர்களிடம் விளக்கப் போனால் ஸ்கேன் நிச்சயமாகிவிடும். அதனால் உங்களிடம் விளக்குகிறேன். அமாவாசையன்று செத்துப்போன பெரியவர்கள் வீடு தேடி வருவார்கள், அன்றைக்கு முடி வெட்டக் கூடாது என்பது ஊரறிந்த விஷயம். ஆனால் அவர்களுக்குத் தெரியாத பாஷையில் பேசிக்கொண்டு வெட்டினால் குற்றமில்லை. இது நான் கண்டுபிடித்ததல்ல. என் தாத்தா போட்ட சட்டம்.

எங்களுடையது அருப்புக்கோட்டையில் நெசவு செய்யும் தெரு. தெருவில் இறங்கினால் தமிழ், வாசற்படி ஏறினால் கன்னடம். கன்னடம் என்று நாங்கள்தான் சொல்லிக்கொண்டோம். நிஜமான கன்னடக்காரர் ஒருவர் பிற்காலத்தில் எனக்கு ரயிலில் அகப்பட்டார். ஆசையோடு எங்கள் பாஷையில் கால் மணி நேரம் பேசினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, தனக்குத் தெலுங்கு வராது என்று கையை விரித்தார்.

அப்பா மதுரையில் ஒரு மில்லில் வேலை பார்த்தார். சனிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை போவார். வீட்டில் அம்மா, நான், தாத்தா. தாத்தா என்றால் அப்பாவின் அப்பா. அறுபத்தைந்து வயதிலும் குழித்தறியில் இறங்கினால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் மேலே வருவார். அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் ஞாயிற்றுக்கிழமையெல்லாம் தறி நிற்காது. மாதத்தில் ஒரே ஒரு நாள் நிற்கும். அது அமாவாசை.

தாத்தாவுக்கு ஓய்வு கிடைக்கும் ஒரே நாள், முடி வெட்டக் கூடாத நாள். என் முடியோ மாதம் தவறாமல் வளர்ந்துகொண்டிருந்தது. பக்கத்துப் பாளையம்பட்டியில் சலூன் இல்லாமல் இல்லை. ஒருமுறை அந்தப் பக்கம் போகும்போது தாத்தா உள்ளே எட்டிப் பார்த்திருக்கிறார். முன்னால் ஒரு கண்ணாடி, பின்னால் ஒரு கண்ணாடி, இரண்டுக்கும் நடுவில் தலைகள் வரிசையாகப் போய்க்கொண்டே இருந்தன. “ஒரு தலையை வெட்டிட்டு நூறு தலையக் காட்டுறான். அவன நம்பிக் காதக் குடுக்க முடியுமா?” என்று சொல்லிவிட்டார். அதோடு சலூன் பேச்சு முடிந்தது.

ஆகவே சட்டம் போட்டார்.

“நம்ம பெரியவுக எங்கருந்து வந்தாக? கன்னட தேசத்துல இருந்து. அவுகளுக்குத் தமிழ் தெரியுமா? தெரியாது. நாம தமிழ்ல பேசிக்கிட்டு வெட்டுனா அவுகளுக்கு என்ன புரியும்? யாரோ வெளியாளு எதையோ வெட்டுறான்னு போயிருவாக.”

இதை அவர் சொன்னதும் தமிழில்தான். கன்னடத்தில் சொன்னால் காரியமே கெட்டுவிடும்.

அம்மாவுக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை. “அவுகளுக்குக் காதுதான் கேக்குமாக்கும்? கண்ணு தெரியாதா மாமா?” என்று கேட்டாள். அம்மா கேட்டதும் தமிழில்தான் என்பதைக் கவனிக்க வேண்டும். எதற்கு வம்பு என்று நினைத்திருப்பாள்.

“காக்காயாத்தானம்மா வாராக? காக்காய்க்கு ஒத்தப் பார்வ. இந்தப் பக்கம் பாத்தா அந்தப் பக்கம் தெரியாது. நாங்க அந்தப் பக்கமா உக்காந்துக்கிறோம்.”

அதனால் அமாவாசை தோறும் காலையில் எங்கள் வீட்டில் ஒருத்தரும் வாய் தவறிக்கூடக் கன்னடம் பேச மாட்டோம். விருந்தாளி வந்திருக்கும் வீடு போல, எல்லாரும் ஒருவருக்கொருவர் அன்னியமாக, தமிழில் உப்புக் கேட்டு, தமிழில் தண்ணீர் கொடுத்து நடமாடுவோம். முடி வெட்டும் இடம் பாவடி. நெய்வதற்கு முன்னால் பாவு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிக் கஞ்சி போடும் வெட்டவெளிக்குத்தான் அந்தப் பேர். அமாவாசையன்று அங்கே ஒரு பாவும் இருக்காது. ஓரத்தில் ஒரு முருங்கை மரம், அதில் ஒரு காக்கா. காக்கா எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பார்த்து, மறுபக்கத்தில் என்னை உட்கார வைப்பார். காக்கா திரும்பினால் நாங்களும் திரும்புவோம். ஒரு தலை முடிவதற்குள் மரத்தைப் பாதி சுற்றி வந்துவிடுவோம்.

வெட்டுகிற முறையும் தாத்தாவுடையதுதான். முதல் நாள் பாவுக்குப் போட்டு மிஞ்சிய கஞ்சியை என் தலையில் தேய்ப்பார். வெயிலில் காய்ந்ததும் முடி ஒவ்வொன்றும் நூல் மாதிரி விறைத்து நிற்கும். நிற்கிற நூலைத்தான் நேராக வெட்ட முடியும் என்பது அவர் கட்சி. அந்தப் புளித்த வாடை இருக்கிறதே, இன்றைக்கும் பழைய சோற்றுப் பானையை யாராவது திறந்தால் என் கை தானாகப் போய்க் காதைப் பொத்திக்கொள்ளும். கத்தரிக்கோல், தறியில் நூல் முனை நறுக்குகிற அதே கத்தரிக்கோல். நூலுக்கு வலிக்காது. அதனால் அவருக்கு வலி என்று ஒன்று இருப்பதே பழக்கத்தில் இல்லை.

சேலை நெய்கிறவருக்கு எல்லாமே சேலைதான். “ரெண்டு கரையும் ஒண்ணா இருக்கணும்லே” என்பார். கரை என்பது என் காதுக்கு மேலே உள்ள இரண்டு பக்கங்கள். வலது கரை ஒரு நூல் இறங்கியிருப்பதாகத் தெரியும். அதை ஏற்றுவார். இப்போது இடது கரை இறங்கித் தெரியும். அதையும் ஏற்றுவார். இரண்டு கரையும் ஏறி ஏறி உச்சியில் சந்தித்துக்கொள்ளும்போது, நெற்றிக்கு மேலே முந்தானை மாதிரி ஒரு கற்றை மட்டும் மிஞ்சும். அதைத் தடவிப் பார்த்து, “அம்சமா இருக்கு” என்பார். பள்ளிக்கூடத்தில் வேறு அபிப்பிராயங்கள் இருந்தன.

எனக்கு ஒன்பது வயது நடக்கும்போது வந்த பங்குனி அமாவாசையில்தான் அந்தக் காரியம் நடந்தது. வலது கரை முடிந்துவிட்டது. இடது பக்கம் தொடங்க வேண்டும். அதற்கு முன்னால் வலது காதோரம் ஒற்றை முடி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது அவர் கண்ணில் பட்டுவிட்டது. கத்தரிக்கோல் முடியோடு சேர்த்துக் காது நுனியையும் பிடித்தது.

“கூதலு! சாக்கு! சாக்கு!” என்று கத்திவிட்டேன்.

எங்கள் கன்னடத்தில் கூதலு என்றால் தலைமுடி. சாக்கு என்றால் போதும். வெட்டியது போதும் என்று அலறியிருக்கிறேன். அமாவாசையன்று, உச்சி வெயிலில், சுத்தமான கன்னடத்தில், பெரியவர்களுக்குக் காட்டிக்கொடுத்துவிட்டேன்.

முருங்கையில் காக்கா தலையைத் திருப்பியது. தாத்தாவின் கை அப்படியே அந்தரத்தில் நின்றது. எனக்குக் காது வலி மறந்துபோயிற்று.

தாத்தா படித்திருந்தால் வக்கீலாகியிருப்பார். ஒரு நொடிதான் யோசித்தார். பிறகு தெருவுக்கே கேட்கும்படி தமிழில், “என்னது? கூதலா இருக்கா? சாக்கு வேணுமா? இந்தா எடுத்தாரேன்!” என்றார்.

உங்களுக்குத் தெரியும், எங்கள் பக்கத்துத் தமிழில் கூதல் என்றால் குளிர். சாக்கு என்றால் கோணிச் சாக்கு. பையன் முடியைப் பற்றி மூச்சே விடவில்லை, குளிருகிறது, போர்த்திக்கொள்ளச் சாக்குக் கேட்கிறான், அதுவும் தமிழில் கேட்கிறான் என்று தாத்தா வழக்கை ஜோடித்துவிட்டார். ஜோடித்த வழக்குக்குச் சாட்சி வேண்டுமே. நூல் கட்டு வந்த சாக்கு ஒன்றை எடுத்து வந்து, என்னைக் கழுத்து வரைக்கும் மூடி, “அசையாத” என்றார்.

பங்குனி வெயிலில் அருப்புக்கோட்டையில் சாக்குப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தவன் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். தலையில் பாதி கஞ்சி காய்ந்தும் மீதி வேர்வையில் கரைந்தும் ஓடிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்துத் திருச்சுழி ரோட்டுப் பால்காரர் சைக்கிளில் வந்தார். எங்கள் தெருவுக்கு மத்தியானப் பால் அவர்தான்.

“என்ன பெருசு, பயலச் சிப்பங் கட்டி வச்சிருக்கீக? எங்கயும் லோடு அனுப்புறீகளா?”

“கூதலாம்” என்றார் தாத்தா.

“இந்த வெயில்லயா?”

“ஒடம்பு வாகு.”

பால்காரர் என்னைச் சுற்றி வந்து பார்த்தார். “இந்த ஒடம்பு எனக்கு இருந்தா ஏம் பாலு திரியாம இருக்கும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கு முடிவெட்டு அதோடு நின்றது. காக்கா போகவே இல்லை. அதன் கண் முன்னால் மறுபடி கத்தரிக்கோலை எடுக்கத் தாத்தாவுக்குத் துணிச்சல் வரவில்லை. “மிச்சத்த அடுத்த அமாவாசைக்குப் பாத்துக்கிருவோம்” என்றார். ஆக, என் தலையின் வலது பக்கம் பங்குனி மாதத்துத் தலையாகவும் இடது பக்கம் மாசி மாதத்துத் தலையாகவும் இருந்தன.

சாயங்காலம் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. சந்தேகம் என்னுடைய பிறவிக் கோளாறு. “தாத்தா, பெரியவுகளுக்குத்தான் தமிழ் தெரியாதே. அப்ப நீங்க தமிழ்ல சொன்ன சமாதானம் அவுகளுக்கு எப்பிடிப் புரியும்? நாங் கன்னடத்துல கத்துனது மட்டுந்தான புரிஞ்சிருக்கும்?”

தாத்தா “பேசாம இருலே” என்றார். வழக்கில் ஓட்டை இருப்பது அவருக்கும் தெரிந்துவிட்டது.

நாலாம் நாள் மத்தியானம் மூன்று மணிக்குத் தறிச் சத்தம் நின்றது. சாப்பாட்டு நேரமும் இல்லை, நூல் அறுந்தால் நிற்கிற மாதிரியும் இல்லை. நான் உள்ளே போய்ப் பார்த்தேன். தாத்தா குழியில் உட்கார்ந்தபடி நடுங்கிக்கொண்டிருந்தார். பல் கிட்டித்தது. “கூதலுலே” என்றார். நான் அவர் தலைமுடியைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு தமிழில், “கூதலடிக்குது. அம்மாளக் கூப்புடு” என்றார்.

அம்மா வந்து கட்டிலில் படுக்க வைத்தாள். ஒரு போர்வை போட்டாள். இன்னொன்று போட்டாள். வீட்டில் இருந்ததே இரண்டு. நடுக்கம் நிற்கவில்லை. தாத்தா பற்களுக்கு நடுவிலிருந்து, “சாக்கு இருந்தா போடும்மா” என்றார்.

கூதல், சாக்கு. அன்றைக்குத் தாத்தா தமிழில் எதை அர்த்தமென்று சொன்னாரோ அது அப்படியே வந்து இறங்கியிருந்தது. ஆள் மட்டும்தான் மாறிவிட்டது. அந்த நிமிஷம் எனக்கு ஒரு உண்மை தெரிந்தது: பெரியவர்களுக்குத் தமிழ் தெரியும். தெரியாமல் எப்படி இருக்கும்? மாதம் ஒரு தடவை என்றாலும், எத்தனை தலைமுறையாக அருப்புக்கோட்டைக்கு வந்துபோகிறார்கள்.

காய்ச்சல் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தது. மூன்று மணியானால் கூதல், ஐந்துக்கு அனல், ஏழுக்கு வேர்வை. பெரிய ஆஸ்பத்திரியில் விரலில் ஊசி குத்தி ரத்தம் எடுத்து, குளிர்காய்ச்சல், கொசுவினால் வருவது என்றார்கள். எனக்கு டாக்டரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. மாத்திரை கொடுத்தார்கள். கசப்பு என்று தாத்தா அதைப் பாதி நாள் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டிருந்தார் என்பது பிறகுதான் தெரியவந்தது. காய்ச்சல் ஒரு வாரம் விட்டது, மறுபடி பிடித்தது. தாத்தா வற்றிப் போனார். இரண்டு சாக்குக்கு அடியில் ஆள் இருப்பதே தெரியாது.

அம்மா என்னைச் சலூனுக்குக் கூட்டிப்போகப் பார்த்தாள். “ரெண்டு பேரு தலை ஒரு கழுத்துல இருக்குற மாதிரி இருக்குடா. பள்ளிக்கூடத்துல கேக்குறாகளா இல்லையா?” கேட்டார்கள்தான். வலப்பக்கம் உட்கார்ந்தவன் ஒரு பேரும் இடப்பக்கம் உட்கார்ந்தவன் ஒரு பேரும் வைத்திருந்தார்கள். ஆனால் நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு வர மாட்டேன் என்றேன். அம்மா அடித்துப் பார்த்தாள், கெஞ்சியும் பார்த்தாள். எனக்குக் காரணம் சொல்லத் தெரியவில்லை. இடது பக்கத்தை வேறு யாராவது முடித்துவிட்டால், தாத்தாவுக்கு எழுந்து வர வேண்டிய வேலை ஒன்றும் மிச்சம் இருக்காது என்று பட்டது.

ஒரு நாள் அம்மா வாசலில் பால் வாங்கும்போது பால்காரரிடம் சொன்னது காதில் விழுந்தது. “இன்னும் நாலஞ்சு தடவ இப்பிடி வந்தா தாங்க மாட்டாருன்னு டாக்டரே சொல்லிட்டாருண்ணே.” பால்காரருக்கு எப்போதும் ஏதாவது சொல்ல இருக்கும். அன்றைக்குப் பாலை அளந்து ஊற்றிவிட்டுச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனார்.

அடுத்த அமாவாசைக்கு ஆறு நாள் இருந்தது. பெரியவர்கள் வருவார்கள். நேரில் பார்த்து, கூதல், சாக்கு என்று போன விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் என்ன சொல்வது? அவர்களுக்கு இரண்டு பாஷையும் தெரியும். எதில் சொன்னாலும் எதில் எடுத்துக்கொள்வார்கள் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ‘சாக்கு’ என்று சொன்னால், போதும் என்று நிறுத்தினாலும் நிறுத்துவார்கள், இன்னொரு சாக்கு அனுப்பினாலும் அனுப்புவார்கள். எங்கள் பாஷையில் காய்ச்சலுக்கு ஜொரா என்று பேர். ‘ஜொரா சாக்கு’ என்று சொல்லி, ஜோரான சாக்காகப் பார்த்து அனுப்பிவிட்டால்? ஆறு நாளும் இதே யோசனை. கணக்குப் பாடத்தில் நான் இவ்வளவு கவனம் செலுத்தியிருந்தால் என் வாழ்க்கை வேறு மாதிரி இருந்திருக்கும்.

கடைசியில் ஒரு சொல் அகப்பட்டது. பேடா. எங்கள் பாஷையில் பேடா என்றால் வேண்டாம். தமிழில் பேடா என்றால் பால்பேடா. கன்னடத்தில் எடுத்துக்கொண்டால் காய்ச்சல் நின்றுவிடும். தமிழில் எடுத்துக்கொண்டால் தாத்தாவுக்கு ஒரு பேடா வரும். எப்படிப் பார்த்தாலும் நஷ்டமில்லை. இதற்கு இணையான புத்திசாலித்தனம் என்னிடமிருந்து அதற்கப்புறம் வெளிப்பட்டதில்லை.

அமாவாசையன்று அம்மா இலையில் சோறு, பருப்பு, வாழைக்காய் எல்லாம் வைத்துப் பாவடி ஓரத்துக்குக் கொண்டுபோனாள். அப்பா விடுப்பு கிடைக்காமல் மதுரையில் இருந்தார். தாத்தாவைக் கட்டிலோடு வாசலுக்கு நகர்த்தியிருந்தோம். காக்கா முருங்கையிலிருந்து இறங்கி வந்தது. அம்மா கண்ணை மூடிக் கும்பிட்டாள். நான் ஒரு எட்டு முன்னால் போய், காக்காவின் எந்தக் கண் என்னைப் பார்க்கிறது என்று உறுதிசெய்துகொண்டு, தொண்டை கிழிய, “தாத்தாகெ பேடா!” என்று கத்தினேன். “தாத்தாகெ பேடா! தாத்தாகெ பேடா!”

காக்கா பறந்துவிட்டது. முதுகில் படீரென்று ஒரு அறை விழுந்தது. நான் யோசிக்காமல் விட்ட ஒரே ஆள் அம்மா. அவளுக்கும் கன்னடம் தெரியும். தாத்தாவுக்கு வேண்டாம், தாத்தாவுக்குச் சோறு கொடுக்காதே என்று நான் பெரியவர்களிடம் சொல்வதாக அவள் எடுத்துக்கொண்டாள். “கெடக்குற மனுசனுக்கு வேண்டாம்கிறியே, நாக்குலதான் சூடு இழுக்கணும் ஒனக்கு!” என்று இன்னொரு அறை கொடுத்தாள். எனக்கு அழுகை வந்தது. அடித்ததற்காக இல்லை, காக்கா கேட்டதா இல்லையா என்று தெரியவில்லை.

கட்டிலிலிருந்து குரல் வந்தது. “அவன இங்கிட்டு அனுப்பும்மா.”

போனேன். “என்னலே சொன்ன?” என்றார். எல்லாவற்றையும் சொன்னேன். நான் கத்திய கூதலு, அவர் ஜோடித்த வழக்கு, அது இறங்கி வந்த விதம், சாக்கு ஏன் ஆகாது, ஜொரா ஏன் ஆகாது, பேடாவில் உள்ள இரட்டை லாபம், எல்லாம். அழுதுகொண்டே சொன்னதால் பாதி கன்னடத்திலும் பாதி தமிழிலும் வந்தது. தாத்தா ஒரு இடத்திலும் சிரிக்கவில்லை. கோர்ட்டில் இன்னொரு வக்கீல் பேசுவதைக் கேட்பது போலக் கேட்டார். முடிந்ததும் தலையணைக்கு அடியில் கையை விட்டு, நாலைந்து மாத்திரைகளை எடுத்து அம்மாவிடம் காட்டி, “தண்ணி கொண்டாம்மா” என்றார். அம்மா மாத்திரையையும் அவரையும் பார்த்த பார்வையில், அடுத்த அறை யாருக்கு என்று எனக்கே பயமாகிவிட்டது.

ஒவ்வொன்றாகத்தான் தின்ன வேண்டும் என்று அம்மா மிச்சத்தைப் பிடுங்கி வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு வேளை தவறாமல் அவளே எதிரில் நின்று, வாயைத் திறந்து காட்டச் சொல்லிப் பார்த்தாள். விட்டுப்போன கணக்குக்குப் புது மாத்திரையும் ஆஸ்பத்திரியில் போய் வாங்கி வந்தாள். அந்த வாரம் முழுக்கக் காய்ச்சல் முறை தவறாமல் வந்தது. ஆனால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பிந்தி வந்து கொஞ்சம் முந்திப் போயிற்று. பெரியவர்கள் யோசிக்கிறார்கள் என்று நான் புரிந்துகொண்டேன்.

பிறகு காய்ச்சல் வர வேண்டிய ஒரு முறை நாள். மணி பார்க்க எங்கள் வீட்டில் கடிகாரம் கிடையாது. மூன்று மணிக்கு மல்லாங்கிணறு பஸ் எங்கள் தெரு முனையில் ஹாரன் அடித்துத் திரும்பும், அதுதான் கணக்கு. அம்மா இரண்டு சாக்கையும் மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். தாத்தா கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டிருந்த நான் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டேன், நடுக்கம் முதலில் அங்கேதான் தெரியும்.

ஹாரன் அடித்தது. பஸ் திரும்பியது. புழுதி அடங்கியது. கட்டில் அசையவில்லை. பள்ளிக்கூடம் விட்டுப் பையன்கள் தெருவில் கத்திக்கொண்டு போனார்கள். கட்டில் அசையவில்லை. அம்மா சாக்கைக் கீழே போட்டாள். அதன் மேலேயே உட்கார்ந்து முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

தாத்தா வலது கையை மெல்லத் தூக்கி, விரலை விரித்துப் பார்த்தார். பிறகு என் தலையைப் பார்த்தார். “கத்தரியக் கொண்டாலே. பாக்கச் சகிக்கல” என்றார்.

கட்டிலிலேயே சாய்ந்து உட்கார்ந்துகொண்டு இடது பக்கத்தை வெட்டினார். கஞ்சி இல்லை. அன்றைக்கு அமாவாசை இல்லாததால் எந்தப் பாஷையில் வேண்டுமானாலும் பேசலாம். இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. முடிகிற நேரம் பால்காரர் வந்தார். மஞ்சள் நூல் கட்டிய ஒரு காகிதப் பொட்டலத்தை நீட்டினார். தாத்தா பிரித்தார். உள்ளே நாலு பேடா.

“பாத்தியாலே, தமிழ்லயும் கேட்டுருக்கு” என்றார் தாத்தா.

“யாருக்குக் கேட்டுச்சு? நேத்து நீங்கதான காசக் குடுத்து டவுனுல மிட்டாய்க் கடையில...” என்று பால்காரர் தொடங்கினார்.

“பாலு திரியப் போகுது. கெளம்புய்யா” என்றார் தாத்தா.

அதற்கப்புறம் அவர் பதினோரு வருஷம் இருந்தார். தூத்துக்குடியில் ஒரு லாரி ஆபீஸில் நான் வேலைக்குச் சேரும் வரைக்கும் என் தலை அவர் கையில்தான் இருந்தது. கடைசிக் காய்ச்சல் இரண்டே நாள்தான். தகவல் வந்து நான் கிளம்பி, பஸ் பந்தல்குடியில் டயர் மாற்றி, வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. வேண்டாம் என்று சொல்வதற்கு வீட்டில் சரியான ஆள் இல்லாமல் போயிற்று. சொல்லியிருந்தால் கேட்டிருப்பார்களா என்று நீங்கள் கேட்கலாம். ஒரு தடவை கேட்டார்கள் அல்லவா, அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

இப்போது தாத்தாவே அந்தப் பெரியவர்களில் ஒருத்தர். கன்னடமும் தமிழும் அறிந்தவர், வழக்குப் பேசத் தெரிந்தவர். அவரிடமிருந்து மறைக்க மிச்சமிருப்பது இங்கிலீஷ்தான் என்று அன்று காலையில் என் வாய் தானாகச் சொல்லிவிட்டது. நடந்தது என்னவென்றால், கடையில் வெட்டிய பையன் வடக்கேயிருந்து வந்தவன். ஹிந்தியில் பேசிக்கொண்டே வெட்டினானாம். பேரன் வந்து நின்றான். மெஷினில் எடுத்த இரண்டு கரையும் அளந்து வைத்தது போல் ஒன்றாக இருந்தன. குறை சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

பாவடியில் வீடுகள் வந்துவிட்டன. எங்கள் வீடும் அதில் ஒன்று. தெருவில் கைத்தறி ஒன்றும் இல்லை. மிச்சமிருக்கிற விசைத்தறிகள் அமாவாசைக்கு நிற்பதில்லை, கரண்டு போனால் நிற்கும். மகனுக்கு எங்கள் பாஷை கேட்டால் புரியும், பேச வராது. பேரனுக்குப் புரியவும் புரியாது. என் மனைவி நன்றாகப் பேசுவாள். ஆனால் விருந்தாளிகள் இருக்கும்போது என்னைத் திட்டுவதற்கு மட்டும்தான் அதை வைத்திருக்கிறாள். வீட்டுக்கு வருகிறவர்களும் இப்போது குறைந்துவிட்டார்கள்.

அன்று மத்தியானம் மாடிக் கைப்பிடிச் சுவரில் இலை போட்டுவிட்டு நான் மட்டும் நின்றேன். காக்கா ஒன்று வந்தது. ஒற்றைக் கண்ணால் என் வழுக்கைத் தலையைப் பார்த்தது. ஒருத்தரைக் கூப்பிட வேண்டுமென்றால் சும்மா வா என்றால் வர மாட்டார்கள், அதிலும் தாத்தா வரவே மாட்டார். வேலை இருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும். கீழே யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில், முடி ரொம்ப வளர்ந்துவிட்டது என்று சத்தமாகவே சொன்னேன்.

“தாத்தா, கூதலு ஜாஸ்தி ஆய்த்து.”

பின்னால் தண்ணீர்ச் சொம்போடு படியேறி வந்த என் மனைவி கேட்டாள்:

“யாரு தலையில?”